ஓட்டம் ஓய்ந்த பிறகு

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலை வழியே தெற்கே செல்பவர்கள் முதலியார்பேட்டையில் ஒரு பெரிய பஞ்சாலையைக் கண்டிருப்பார்கள். 1898-இல் தோன்றி, ரோடியர் ஆலை என்று ஊரார் வாயில் வழங்கி, 2020-இல் கதவடைத்த ஏ.எப்.டி. ஆலைதான் அது. அதற்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு நண்பரின் இல்லத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். போனது ஒரு கல்யாண விஷயமாக. பேசியதெல்லாம் ஒரு நாயைப் பற்றி.

திண்ணையில் படுத்திருந்தது அந்த நாய். சிப்பிப்பாறை ஜாதி. நீண்ட முகம், ஒட்டிய வயிறு, எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்புகள். “பட்டினி போடுகிறீர்களா?” என்று கேட்டுவிட்டோம். நண்பருக்குக் கோபம் வரவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதானாம். தெற்கே ஒரு கிராமத்தில் பந்தயம் ஓடிய நாய் அது. கால் பிசகியதும் உடையவர் கைவிட்டுவிட்டார். நண்பர் அழைத்து வந்தார். வீட்டிலே கலகம் மூண்டது.

“ஓடுகிறவரைக்கும் சோறு போட்டவன் ஒருவன், ஓடாதபோது சோறு போட நாமா?” என்பது அவர் தாயாரின் வாதம். நியாயமான கேள்வி. அக்கேள்விக்கு உலகம் என்ன விடை சொல்லியிருக்கிறது என்று பார்ப்போம்.

சிப்பிப்பாறைக்கு மேல்நாட்டில் ஓர் உறவுக்காரர் போல இருப்பது கிரேஹவுண்டு. 1926 ஜூலையில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பெல் வூ மைதானத்தில், யந்திர முயலைத் துரத்தி இந்நாய்கள் ஓடின. பந்தய மோகம் நாடெங்கும் பற்றிக்கொண்டது. மணிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர் வேகம்; ஆனால் அந்த வேகத்துக்கு ஆயுள் குறைவு. ஒன்றரை வயதில் ஓடத் தொடங்கும் நாய் நான்கு, ஐந்து வயதுக்குள் ஓய்ந்துவிடும். அது உயிர் வாழ்வதோ பன்னிரண்டு வயது வரை. மீதி வருஷங்களுக்கு யார் பொறுப்பு? பந்தயச் சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்! 2006-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சீஹாம் என்ற ஊரில், ஓய்ந்த நாய்களை ஆயிரக்கணக்கில் கொன்று புதைத்த ஒருவரைப் பற்றிப் பத்திரிகைச் செய்தி வந்தபோதுதான் பலருக்கு விஷயம் உறைத்தது.

மக்கௌவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. புதுவை பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது போல மக்கௌ போர்ச்சுக்கீசியரிடம் 1999 வரை இருந்தது. அங்கிருந்த நாய்ப் பந்தய மைதானத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நாய்கள் கப்பம் போல வந்துகொண்டிருந்தன. போன நாய் திரும்பியதாகப் பேச்சில்லை. 2018 ஜூலையில் மைதானம் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் எஞ்சின. ஜீவகாருண்யச் சங்கத்தார் விடாமல் போராடி, பல தேசங்களில் அவற்றுக்கு வீடு தேடிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் பிளாரிடா மாநில மக்கள் அதே ஆண்டு வாக்களித்து, 2020-உடன் இப்பந்தயத்துக்கு முடிவு கட்டினர். நியூஸிலாந்து அரசும் 2024 டிசம்பரில் முடிவு கட்டுவதாக அறிவித்தது.

நம் தேசம் இதில் பின்தங்கியதல்ல என்று சொல்லப் பெருமையாகவே இருக்கிறது. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் எழுப்பிய குரலின் பயனே 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம். பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். 1962-இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அது சென்னையில்தான் தொடங்கியது. சட்டம் இருக்கிறது; ஆனால் கிராமத்து ஓட்டப் பந்தயத்தில் தோற்ற நாயை எங்கோ இறக்கிவிட்டுப் போகிறவனைத் தேடிப்பிடிப்பது யார்?

இத்தகைய நாயை ஏற்க நினைக்கும் குடும்பத்தாருக்கு நண்பர் சொன்ன சில விஷயங்கள் உதவும். கொட்டிலில் வளர்ந்த நாய்க்கு வீடு என்பதே புதுமை. மாடிப்படி அதற்கு மலை. கண்ணாடிக் கதவை வெறும் வெளி என்று எண்ணி மோதிக்கொள்ளும். உடம்பில் கொழுப்பில்லாததால் மார்கழிப் பனி தாங்காது. சாக்கோ பழைய போர்வையோ வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது இவ்வினத்துக்குத் தனிக் கவனம் வேண்டும் என்பதை மருத்துவருக்கு நினைவூட்டுவது நல்லது. பூனையோ கோழியோ குறுக்கே ஓடினால் பழைய புத்தி வந்துவிடும். ஆகவே வெளியே கயிறில்லாமல் விடலாகாது. மற்றபடி, பந்தய நாய் என்றால் வீட்டையே சுற்றிச் சுற்றி ஓடும் என்று அஞ்ச வேண்டாம். நாள் பூராவும் தூங்கும்! காலையிலும் மாலையிலும் சற்று நடத்தினால் போதும்.

“அடுத்த வீட்டுப் பூனைக்கு என்ன பதில் சொன்னீர்கள்?” என்று கேட்டோம். முதல் வாரத்திலேயே ஒரு விபத்து நடந்ததாகவும், பூனை மதிலேறித் தப்பியதாகவும், அதன் சொந்தக்காரர் இரண்டு நாள் பேசவில்லையென்றும் நண்பர் ஒப்புக்கொண்டார். அன்று நாயைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற முடிவுக்கே வந்துவிட்டாராம். தடுத்தது யார் தெரியுமா? அந்தத் தாயார்தான். “எங்கே திருப்பி அனுப்புவாய்?” என்று கேட்டாராம். மகனிடம் விடையில்லை.

நாங்கள் விடைபெறும் வேளை, அம்மூதாட்டி மாடியில் வற்றல் எடுக்கச் சென்றார். நாய் எழுந்து, முதற்படியில் முன்கால் வைத்து நின்றது. “வா, வா, ஒவ்வொன்றாய் வா” என்று மேலிருந்து குரல் வந்தது. மூன்று படி ஏறி, யோசித்து, மீண்டும் இறங்கிவிட்டது. நேற்று இரண்டு படிதானாம்.