முகூர்த்தம் இல்லாத மாதங்களுக்கும் வாடிக்கையாளர் வேண்டும்

ஆடியிலும் மார்கழியிலும் தமிழகத்துத் திருமண மண்டபங்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. வட மாநிலங்களிலோ சாதுர்மாஸ்யம் எனப்படும் நான்கு மாதங்களிலும், டிசம்பர் நடுவிலிருந்து மகர சங்கராந்தி வரையிலான நாட்களிலும் பலர் திருமணம் நடத்துவதில்லை. ஆனால், கேமரா வாங்கப் பெற்ற கடனின் மாதத் தவணைக்குச் சுப நாள், அசுப நாள் என்ற வேறுபாடு கிடையாது. 3 லட்சம் ரூபாயை 12 சதவீத ஆண்டு வட்டியில் 36 மாதக் கடனாகப் பெற்ற ஒருவர், திருமணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதந்தோறும் ஏறத்தாழ 9,960 ரூபாய் செலுத்தியாக வேண்டும்.

புகைப்படத் தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர் பலருடைய கவலை இதுவே. திறமைக்குக் குறைவில்லாத கலைஞர்களும் இந்த இடைவெளியில்தான் இடறுகின்றனர். ஆகவே, வாடிக்கையாளரைத் தேடும் முயற்சியை வேலை குறைந்த பிறகு தொடங்காமல், ஆண்டு முழுவதும் செய்யும் பணியாகக் கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறோம்.

வர இயலாதவர்கள் யார்?

மீரட்டை அடுத்த சர்தானாவில் 1844-ஆம் ஆண்டு பிறந்த லாலா தீன் தயாள், இந்தூரில் பொதுப்பணித் துறை ஊழியராக இருந்தவர். பின்னர் ஹைதராபாத் ஆறாவது நிஜாமின் அரசவைப் புகைப்படக் கலைஞராக உயர்ந்தார். 1892-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனியானதொரு புகைப்பட நிலையத்தை அவர் தொடங்கினார். அதன் பொறுப்பை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைத்தார். கோஷா முறையைக் கடைப்பிடித்த குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆடவர் முன் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ள இயலாத காலம் அது. அவர்களுக்கு இருந்த தடை எது என்பதை அறிந்து, அதை நீக்கியதே அவர் செய்த வணிக உத்தி.

இன்றும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் படம் தேவைப்பட்டும் நம்மிடம் வர இயலாமல் இருப்பவர்கள் யார்? படியேற முடியாத முதியோர், பிறந்த குழந்தையை வெளியே கொண்டுவரத் தயங்கும் தாய்மார் ஆகியோரின் வீட்டுக்கே சென்று படம் எடுக்கும் சேவை ஒரு வாய்ப்பு. மொராதாபாத்தின் பித்தளைப் பாத்திரம், ஜெய்ப்பூரின் அச்சுத் துணி, சன்னபட்டணத்தின் மரப் பொம்மை போன்றவற்றைச் செய்யும் சிறு உற்பத்தியாளர்கள் மற்றொரு வாய்ப்பு. அமேசான் போன்ற இணையச் சந்தைகள் பொருளின் முதன்மைப் படம் தூய வெண்மைப் பின்னணியில் இருக்க வேண்டும் என விதிக்கின்றன. கைப்பேசியில் எடுத்த படத்தோடு திண்டாடும் இத்தகையோரின் பட்டறைக்கே விளக்கும் வெண்திரையும் கொண்டுசென்று, ஒரே நாளில் பல பொருள்களைப் படமெடுத்துத் தரலாம். முகூர்த்தம் இல்லாத மாதங்களுக்கு ஏற்ற பணி இது.

காட்டுவது குறைவாக, தெளிவாக

புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது நம் படங்களையே. இருநூறு படங்களைக் குவிப்பதைவிடச் சிறந்த இருபது படங்களைத் தேர்ந்து காட்டுவது நன்று. திருமணம், குழந்தைகள், வணிகப் பொருள் எனத் தனித்தனியே பிரித்து வைத்தால், தமக்கு வேண்டியதை வந்தவர் உடனே காண்பார். கூகுள் வரைபடத்தில் நிலையத்தின் முகவரி, வேலை நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பணி நிறைவுற்றவுடன் வாடிக்கையாளரிடம் அங்கே ஒரு கருத்துரை எழுதுமாறு கேட்கலாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சேவைகளின் பட்டியலைப் படத்துடன் வைக்கும் வசதியும் உண்டு.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கட்டணம் தந்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர். எனவே மணமக்களின் படத்தை நம் விளம்பரத்தில் பயன்படுத்துவதற்கான இசைவை முன்பதிவு ஒப்பந்தத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மறுப்பவரின் விருப்பத்தை மதிப்பதும் நற்பெயரை வளர்க்கும்.

விலையைக் குறைப்பதற்கு முன்

போட்டி மிகும்போது பலரும் முதலில் கைவைப்பது விலையில். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு திருமணப் பணிக்கு 50,000 ரூபாய் பேசப்படுகிறது. உதவியாளர் ஊதியம், ஆல்பம், பயணம் முதலிய செலவு 35,000 ரூபாய் எனில், மிஞ்சுவது 15,000 ரூபாய். 20 சதவீதம் தள்ளுபடி தந்தால் வரவு 40,000 ஆகிறது, செலவு குறைவதில்லை, மிச்சம் 5,000 ரூபாய் மட்டுமே. முன்பு ஒரு திருமணத்தில் ஈட்டியதை ஈட்ட இப்போது மூன்று திருமணங்கள் வேண்டும். மேற்கூறிய கடனின் ஒரு மாதத் தவணைக்கும் அந்த 5,000 ரூபாய் போதாது.

ஆகவே, விலையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பணியின் அளவைக் குறைத்துச் சிறிய தொகுப்பொன்றை வழங்கலாம். ஆல்பத்தின் பக்கங்கள், பணி நேரம், உதவியாளர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு மூன்று தொகுப்புகளை அச்சிட்டு வைத்தால் பேரம் குறையும். முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, படங்கள் எந்த நாளில் கிடைக்கும் என்பவையும் அதிலேயே இடம்பெறட்டும்.

பழைய பதிவேடு என்னும் புதையல்

புதியவரைத் தேடுவதினும் எளிது, பழையவரை மறவாதிருப்பது. திருமணம் முடித்த குடும்பத்தில் அடுத்து வளைகாப்பு, பெயர்சூட்டு விழா, முதல் பிறந்தநாள், பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் என வரிசையாக விழாக்கள் உண்டு. வாடிக்கையாளரின் திருமண நாளைப் பதிவேட்டில் குறித்து வைத்து, அந்நாளில் ஒரு வாழ்த்தும் அவர்களுடைய ஒரு படமும் அனுப்பினால் போதும். எனினும், சொன்ன நாளில் ஆல்பத்தைத் தராதவரின் வாழ்த்து எரிச்சலையே தரும். எடுத்த படங்களை இரு வேறு சேமிப்பகங்களில் பாதுகாப்பதும் தவறாமல் செய்ய வேண்டிய கடமை.

வங்கி எவ்வாறு துணைநிற்கும்?

தொழிலுக்கெனத் தனி நடப்புக் கணக்கும் யூபிஐ கியூஆர் அட்டையும் இருப்பின், வரவு செலவு தெளிவாகும். பின்னர் கடன் கோரும்போது அப்பதிவே சான்றாகும். உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில், பிணையின்றி ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையும், ‘தருண்’ பிரிவில் 10 லட்சம் வரையும் கடன் பெறலாம். தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை கிடைக்க வழி உண்டு.

இருப்பினும், ஆண்டில் சில முறையே தேவைப்படும் லென்சை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். முகூர்த்த மாதங்களின் வருவாயிலிருந்து மூன்று தவணைக்கான தொகையைத் தொடர் வைப்பில் ஒதுக்குமாறும் பரிந்துரைக்கிறோம்.

இன்றே நாட்காட்டியை எடுத்து, திருமணம் இல்லாத மாதங்களை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும், அம்மாதத்தில் நீங்கள் சென்று பார்க்கவிருக்கும் மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். அந்த மாதங்களின் தவணைக்கான வருவாய் அவர்களிடமிருந்தே தொடங்கட்டும்.