பழைய குளியலறையைப் புதுப்பிக்கும் முன்: ஓதமும் பூசணமும்



நம் ஊரில் பலர் பாட்டனார் காலத்து வீடுகளில்தான் குடியிருக்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவர். கொல்லையில் தனியாக இருந்த குளியலறையைப் பிற்காலத்தில் வீட்டோடு சேர்த்திருப்பார்கள். ஐந்து வேளை ஒளு, குளிப்பு, துணி துவைப்பு என்று அந்த அறை காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததே, அதுபோன்ற நாட்களில் சுவர் ஒரு முறை ஊறிவிட்டால் மாதக்கணக்கில் காயாது.

மழைக்காலம் முடிந்ததும் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பூச்சு பொரிந்து உதிரும். உடனே அதன்மேல் பெயின்ட் அடிப்பதும், பழைய டைல்ஸ் மீதே புது டைல்ஸ் ஒட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஈரம் உள்ளேயே இருக்கும்வரை அடுத்த மழைக்கே அது திரும்பிவரும். செலவழித்த பணம் வீணாவதுதான் மிச்சம்.

இது ஏன் உடல்நலப் பிரச்சினை?

நனைந்த பொருள் ஓரிரு நாட்களுக்குள் உலராவிட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகும். ஓதம் பிடித்த வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகரிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளையோ, நெஞ்சுச் சளியால் அவதிப்படும் பெரியவரோ இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

கறை இருக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

சுவரின் அடியில் முழங்கால் உயரம் வரை ஈரமும் வெள்ளை உப்புப் பூப்பும் இருந்தால், தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது, அல்லது தரைத்தளத்தில் கசிவு இருக்கிறது. சுவரின் நடுவில் திட்டாக இருந்தால், உள்ளே போகும் பழைய இரும்புப் பைப் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கலாம். மேலே, கூரையை ஒட்டி இருந்தால் மொட்டைமாடியைப் பாருங்கள்.

பைப் கசிவை அறிய எளிய வழி உண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். மோட்டாரும் போடக் கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. மட்டம் இறங்காமல், குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் தரையையோ கழிவுநீர்ப் பைப்பையோ சந்தேகிக்கலாம்.

சுத்தம் செய்யும்போது

டைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் உள்ள பூசணத்தைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தினாலே போதும். பூச்சு, மரக்கதவு, பிளைவுட் பலகை ஆகியவற்றில் ஊறிப்போனது கழுவினால் போகாது. அந்தப் பகுதியை எடுத்துவிடத்தான் வேண்டும். வேலை செய்பவர் என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணியட்டும். பிள்ளைகளும் நோயாளிகளும் அன்று வேறு வீட்டில் இருப்பது நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒன்றைப் போட்ட இடத்தில் உடனே மற்றொன்றையும் ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. தவறி நடந்துவிட்டால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்றால், அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து முழுதாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

வேலையின் வரிசை

1. மெயின் சுவிட்சை அணைத்து, ஈரச் சுவரில் உள்ள ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கீசர் உள்ள வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும்.

2. கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கறை தெரியும் எல்லைக்கு அப்பாலும் ஓர் அடி எடுங்கள்.

3. கசிவைச் சரிசெய்யுங்கள். துருப்பிடித்த இரும்புப் பைப்பில் ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றிவிடுங்கள்.

4. சுவரைக் காயவிடுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். இரண்டு மூன்று வாரமாவது ஆகலாம். காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்துகள் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

5. புதுப் பூச்சுக்குப் பிறகு தரைக்கும் சுவரின் அடியில் ஓர் அடிக்கும், குளிக்கும் பக்கம் 6 அடி உயரத்துக்கும் வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட் அடிக்க வேண்டும். மூலைகளிலும் பைப் நுழையும் இடங்களிலும்தான் அதிகம் கசியும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

6. டைல்ஸ் ஒட்டும் முன் வெளியேறும் வழியை அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வையுங்கள். கீழேயும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் காணாவிட்டால் மேலே போகலாம்.

7. தரைக்கு வாட்டம் சரியாக இருக்கட்டும். 5 அடி நீளத்துக்கு முக்கால் அங்குலம் இறங்கினால் தண்ணீர் தேங்காது.

8. வென்டிலேட்டரை அடைத்துவிடாதீர்கள். இடமிருந்தால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வையுங்கள்.

மார்ச் முதல் மே வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரே குளியலறை உள்ள வீடு என்றால், கொத்தத் தொடங்கும் முன்பே பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மாற்று ஏற்பாட்டைப் பக்கத்து வீட்டாரிடம் பேசி வையுங்கள். அது இல்லாததால்தான் பலர் ஈரச் சுவரின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள்.

கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் வேலை தொடங்கும் முன்பே தவணை பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். வேலை முடிந்த பின் கூலியை இழுத்தடிப்பது நமக்கு ஆகாத செயல்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கறை தெரிந்ததுமே படம் எடுத்து, வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களும், குடியிருப்போரின் பிள்ளைகள் மூச்சு விடும் காற்று தங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள், ஆதரவற்ற பெண்கள் வீடுகளில் இப்படி ஒரு சுவர் இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் பள்ளிவாசல் ஜமாஅத்தினரிடம் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

நம் அனைவரின் இல்லங்களிலும் அல்லாஹ் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக.