மாலத் தீவுக்குப் போகும் நெல்லையருக்கு

சித்திரை வெய்யில் ஏறிவிட்டால், நெல்லைச் சீமையில் கையில் நாலு காசு உள்ளவர்கள் குற்றாலத்துச் சாரலுக்குக் காத்திராமல் மாலத் தீவுக்குப் போய்வருவது இப்பொழுது ஒரு வழக்கமாகியிருக்கிறது. போகட்டும். ஆனால் அங்கே வெண்மணலையும் நீலக் கடலையும் கண்டு மகிழ்ந்தவர்களுள், தாம் மிதித்த மண் ஒரு சுதந்திர தேசத்தின் மண் என்பதை நினைத்தவர் எத்தனை பேர்?

தாமிரவருணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே, தூத்துக்குடித் தோணிக்காரருக்கு அத்தீவுகள் புதியன அல்ல. காய்கறியும் வீடு கட்டும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு, தென்மேற்குக் காற்று வலுக்குமுன் கோடையிலே கடைசி நடை போய்த் திரும்புவது அவர்கள் வழக்கம். தீவாரின் மொழியிலும் படகுக்குத் தோணி என்றே பெயர். நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு அவர்களுடைய சரக்கு; 'மஸ்' என்றால் அங்கே மீன். 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலேக்குச் சரக்குக் கப்பலும் புறப்பட்டது.

சுமார் 1,190 தீவுகள். குடியிருப்புள்ளவை இருநூறுக்கும் குறைவு. 2022 கணக்குப்படி ஜனத்தொகை, அந்நியர் உட்பட, ஏறக்குறைய 5 லட்சத்து 15 ஆயிரம். 2011-ல் திருநெல்வேலி மாநகரத்தில் மட்டும் 4 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தனர். இவ்வளவு சிறிய கூட்டத்தாருக்கு ராஜ்யபாரம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. நமக்கும் ஒரு காலத்தில் சுயராஜ்யத்துக்குத் தகுதி போதாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

1887-ல் பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டபோதும் அவர்கள் உள்நாட்டு ஆட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. 1965 ஜூலை 26-ல் பூரண சுதந்திரம் அடைந்தார்கள். 1968-ல் குடியரசானார்கள். 2011 முதல் தீவுக்குத் தீவு ஜனங்கள் வோட்டளித்துத் தங்கள் சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1959-ல் தெற்குத் தீவார் தனிக் குடியரசு நாட்டியபோது, மாலே அதைப் பலாத்காரத்தால் அடக்கியது. அச்சிறு கிளர்ச்சி 1963-ல் முடிந்தது.

இனி நம்மவருக்கு ஒரு வார்த்தை. ராஜராஜ சோழன் வென்றதாகக் கல்வெட்டுக் கூறும் பழந்தீவுகள் இவையே என்று சரித்திர ஆசிரியர்கள் கொள்வர். அதை அங்கே போய்ப் பெருமையாகப் பேசுகிறவர்களை நாம் அறிவோம். 1906-ல் சிதம்பரம் பிள்ளை கம்பெனி கூட்டிக் கொழும்புக்குக் கப்பல் விட்டதையும், 1908-ல் அவர் சிறை புகுந்தபின் அம்முயற்சி சிதைந்ததையும் எண்ணி இன்றும் வயிறெரிகிறவர்கள் நாம். நம்முடைய கடலில் பிறர் ஆளுவது அநியாயமானால், பிறருடைய கடலில் நம் முன்னோர் ஆண்டது மட்டும் எப்படிப் புண்ணியமாகும்? பழங்கதை என்றும் தள்ளிவிட முடியாது. 1988 நவம்பர் 3-ல் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றின் ஆட்கள், அத்தேசத்தார் ஒருவரின் ஏவலால், மாலேயைப் பிடிக்க இறங்கினார்கள். அன்றிரவே இந்தியப் படை சென்று காத்தது. தமிழன் என்ற சொல்லை அத்தீவார் இந்த நினைவோடும் கேட்கக்கூடும்.

வற்றாத ஆற்றங்கரையில் வாழ்கிற நமக்கு அங்கே முதலில் கண்ணில் பட வேண்டியது, அங்கே ஆறே இல்லை என்பது. மழைநீரும், உப்புப் பிரித்த கடல்நீருமே கதி. 2014 டிசம்பரில் மாலேயில் அந்த யந்திரசாலை தீப்பற்றியபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிதண்ணீர் அனுப்பிற்று.

உல்லாச விடுதிக்கென்று ஒதுக்கிய தீவிலேயே அடைந்து கிடக்காமல், ஜனங்கள் குடியிருக்கும் தீவு ஒன்றில் இரண்டு நாள் தங்குங்கள். அங்கே சாராயம் கிடையாது. பள்ளிவாசலும் தீவுச் சபையும் மீன் துறையும் உண்டு. வைகாசி பிறக்குமுன் போய்வருவது நலம். அப்புறம் காற்றும் மழையும் தொடங்கிவிடும்.