கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடலலை

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் தோட்டப்புறப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டடி ஆழமுள்ள தொட்டிக்கும் அது பொருந்தும் என்பதை ஜார்ஜ் டவுனில்தான் தெரிந்துகொண்டேன்.

என் அக்காள் மகன் பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவன். லயத்துக் கால்வாயில் பிடித்த மீனை மைலோ டின்னில் வளர்த்த பையன், இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஜார்ஜ் டவுன் வீட்டின் முன்கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்தான். உள்ளே பாறைகள், கோமாளி மீன்கள், கடையில் வாங்கிய உயிர்ப் பவளங்கள்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு, இருப்பதிலேயே பெரிய பம்பு ஒன்றை வாங்கி மாட்டினான். மூன்றே வாரத்தில் பம்புக்கு எதிரே இருந்த பவளத்தின் சதை உரிந்துவிட்டது. பாறைக்குப் பின்னால் இருந்தவையோ அழுக்குப் படிந்து அழுகின.

"தண்ணி இவ்வளவு வேகமா ஓடுதே மாமா, பிறகு ஏன் சாகுது?" என்று கேட்டான். பல மாதச் சேமிப்பு அது. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பவளம் கல் அல்ல

பவளம் பார்வைக்குக் கல் போல் இருந்தாலும் அது ஓர் உயிரினம். ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சுண்ணாம்பு வீடு கட்டிக் கூட்டமாக வாழ்கின்றன. நம் தோட்டத்து லயத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இருந்த இடத்தைவிட்டு நகர முடியாததால், உணவும் பிராணவாயுவும் அவற்றைத் தேடி வரவேண்டும். கழிவு அடித்துச் செல்லப்படவேண்டும். இந்த இரண்டையும் செய்வது நீரோட்டமே.

நீர் அசையாவிட்டால் பவளத்தின் மேல் தேங்கிய நீர் மெல்லிய போர்வை போல் படிகிறது. அதற்குள் மூச்சுமுட்டிப் போகிறது. ஒரே திசையில் ஓயாமல் பீய்ச்சினாலோ சதை கிழிகிறது. கடலில் அலை வருகிறது, திரும்புகிறது, இடம் மாறுகிறது. பவளம் கேட்பது வேகத்தை அல்ல, அந்த மாற்றத்தைத்தான்.

பினாங்குக்கு வடக்கே, லங்காவிக்குத் தெற்கே உள்ள பூலாவ் பாயார் கடற்பூங்காவில் பவளப் பாறைகளை இயற்கையாகவே காணலாம். அங்கிருந்து ஒரு துண்டும் எடுத்து வரக்கூடாது. அது சட்டப்படி குற்றம்.

ஜகார்த்தாவில் தொடங்கிய கதை

வீட்டில் பவளம் வளர்க்கும் கலைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் அண்டை நாட்டுக்காரர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்ப்பாறைகளை வைத்துக் காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டுக் கடலுயிர்களை வளர்த்த முறையை 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். பின்னர் வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிலையத்தின் விஞ்ஞானி வால்டர் ஏடி, நீர் நிறைந்ததும் தானே கவிழும் வாளியைக் கொண்டு தொட்டியில் அலை எழுப்பினார். இன்று அந்த வேலையைச் சிறு மின்பம்புகள் செய்கின்றன.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 x 2 x 2 என்றால் 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர். பாறையும் மணலும் இடம் பிடித்தது போக 600 லிட்டர் நீர் என்று கொள்ளலாம்.

மென்பவளங்களுக்கு மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு நீர் சுழன்றால் போதும். கிளைகளுடன் வளரும் கடினப் பவளங்களுக்கு முப்பது, நாற்பது மடங்குகூடத் தேவைப்படும். இருபது மடங்கு என்றால் மணிக்கு 12,000 லிட்டர். இதை ஒரே பம்பில் வாங்காமல், 6,000 லிட்டர் பம்புகள் இரண்டாக வாங்கி, இரு முனைகளிலும் வைத்து மாறிமாறி ஓடவிடுவதே நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும்.

எந்த வகை?

பழைய வகைப் பம்பு, நீரைச் சிறு துளை வழியே பீய்ச்சும். மணிக்கு ஆயிரம் லிட்டர் தள்ளவே சுமார் 20 வாட் மின்சாரம் கேட்கும். விசிறி வகைப் பம்பு அகன்ற வாயால் மென்மையாகத் தள்ளும். 4,000 லிட்டருக்கும் 10 வாட்டுக்குள் முடித்துவிடும்.

12,000 லிட்டருக்குப் பழைய வகையில் 240 வாட், மாதம் 173 யூனிட் ஆகும். விசிறி வகையில் 30 வாட், 22 யூனிட்தான்! மின்கட்டணம் மட்டுமல்ல, நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பு செலவழிக்கும் மின்சாரம் முழுவதும் சூடாகி நீரிலேயே சேர்கிறது. நம் ஊர் வெயிலில் அதுவே பெரிய ஆபத்து. கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளுத்தபோது, 2010-ல் தியோமான், ரெடாங் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்களையே மூடவேண்டி வந்தது.

கீழ்த்தொட்டிப் பம்பு

பெரிய தொட்டிகளில் நீர் கீழே உள்ள வடிகட்டும் தொட்டிக்கு இறங்கி, வேறொரு பம்பின் மூலம் மேலேறும். இதற்கு மணிக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. நாலைந்து அடி உயரம் ஏற்றும்போது பாதியாகக்கூடக் குறையலாம். எந்த உயரத்திற்கு எவ்வளவு நீர் ஏறும் என்ற வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே செம்பு, பித்தளைப் பாகம் இருந்தால் வேண்டவே வேண்டாம்; செம்பு பவளத்திற்கு நஞ்சு.

கரண்டு போனால்?

வெதுவெதுப்பான உப்புநீரில் பிராணவாயு குறைவு. 30 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம்தான். பம்புகள் நின்றால் மீன்களும் பவளங்களும் அதைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆகவே, கரண்டு போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப்பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மீன் விடுவதற்கு முன்பே எல்லா சுவிட்சுகளையும் அணைத்துப் பாருங்கள். மேல்தொட்டி நீர் குழாய் வழியே திரும்பி இறங்கும். கீழ்த்தொட்டியில் அதற்கு இடம் இல்லையென்றால் வீடு முழுக்கக் கடல்தான்! குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளையிட்டால், காற்று புகுந்து இறக்கம் நின்றுவிடும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவி வீட்டில் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நீருக்குள் கைவிடுமுன் சுவிட்சை அணையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

தீனியே சாட்சி

பம்பு சரியான இடத்தில் இருக்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு சிட்டிகை மீன் தீனி தூவுங்கள். அது எங்கெங்கே போகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள். மென்பவளம் காற்றில் ஆடும் லாலான் புல்லைப் போல் இருபுறமும் ஆடவேண்டும். ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் வேகம் அதிகம். இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குங்கள்.

என் அக்காள் மகன் பெரிய பம்பைக் கழற்றிவிட்டு, சிறியவை இரண்டை வைத்தான். செத்த பவளம் திரும்பவில்லை. ஆனால் பாதி உரிந்திருந்த ஒன்று, நான்கு மாதத்தில் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தன் சதையை மூடிக்கொண்டு வந்தது. சென்ற முறை போயிருந்தபோது அதைத்தான் முதலில் காட்டினான்.

"முதல்ல தண்ணியைப் படிச்சிருக்கணும் மாமா, அப்புறம்தான் பவளம் வாங்கியிருக்கணும்" என்றான்.

ஆசைப்படும் அன்பர்கள் அந்த வரிசையை மறவாதிருந்தால் பணமும் மிஞ்சும், உயிர்களும் பிழைக்கும்.