மணிக்கு ஒரு கரண்டி

குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் மணிக்கொரு தரம் குனிந்து பார்ப்பது கட்டிலடியில் தொங்கும் சிறுநீர்ப் பையை. கிலோவுக்கு அரை மில்லி என்பது கணக்கு. பத்து கிலோ குழந்தைக்கு மணிக்கு 5 மில்லியாவது இறங்க வேண்டும். மருந்து ஊட்டும் சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி. ஆறு மணி நேரம் தொடர்ந்து அதற்கும் கீழே போனால், சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது.

இதற்குச் சிறுநீரக நோயோடு வந்திருக்க வேண்டியதில்லை. நிமோனியா, ரத்தத்தில் பரவிய தொற்று, இதய அறுவை என எதுவும் போதும். நான்கு கண்டங்களில் 32 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 4,683 பேரைக் கவனித்த 'அவேர்' ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோருக்கு இந்த அடி விழுந்திருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை மட்டும் நம்பியிருந்தால், சிறுநீர் குறைந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் பட்டே இருக்கமாட்டார்கள்.

ஏன் சிறுநீரகம்? இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. ஆனால் அதன் உட்பகுதிக்கு ஆக்சிஜன் எப்போதுமே பற்றாக்குறை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவம் ரத்தத்திலிருந்து வடிகிறது. ஒன்றரை லிட்டர் போக மீதியையெல்லாம் நுண்குழல் செல்கள் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அசுர உழைப்பு. ரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் சுருண்டு விழுவது இந்தச் செல்கள்தான்.

அதற்குப் பிறகு நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தப்பிய செல்கள் தங்கள் வேலையை மறந்து, தட்டையாகி, பிரிந்து பெருகி, வெறுமையான குழல் சுவரை மூடுகின்றன. பின்பு பழைய வேலையை மறுபடி கற்றுக்கொள்கின்றன. எல்லாச் செல்களும் அப்படித் திரும்புவதில்லை. பாதி வழியில் நின்றுவிட்டவை சுற்றிலும் தழும்பை வளர்க்கின்றன. மேலும் சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நம் நெஃப்ரான்கள் எல்லாம் கருவின் 36ஆவது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. வரிக்குதிரை மீன் வளர்ந்த பிறகும் புது நெஃப்ரான் முளைக்கவைக்கும். நமக்கு இழந்தது இழந்ததுதான். எஞ்சியவை பருத்து, கூடுதலாக உழைத்து, இழப்பை வெளியே தெரியாமல் மூடிவிடுகின்றன.

கிரியாட்டினினும் இந்த மறைப்புக்குத் துணைபோகிறது. அது தசையிலிருந்து வரும் கழிவு. மூன்று வாரம் படுத்துத் தசை கரைந்த பிள்ளையின் உடலில் அது உருவாவதே குறைவு. "கிரியாட்டினின் நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்டுப் பெற்றோர் கண்ணீர் விடுவது நியாயம்தான். ஆனால் அந்த எண் இறங்கியதில் மெலிந்த தசைக்கும் பங்கு உண்டு.

கனடாவின் வான்கூவரில் இப்படி மீண்ட 126 குழந்தைகளை ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. பத்தில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். இன்னும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, லேசாகக் குறைந்த வடிகட்டல், உயர் ரத்த அழுத்தம், அளவுமீறிய வடிகட்டல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. இதய அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த வேறோர் ஆய்வில், அடிபட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே இரு தரப்பிலுமே வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. எனக்கு இது ஆறுதலாகப் படவில்லை. அடிபடாதவர் என்று நாம் எழுதிவைத்த பிள்ளையையும் பின்னர் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு முறை பாருங்கள் என்கிறது 2012இன் சர்வதேச வழிகாட்டுதல். கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம். எதுவும் பெரிய செலவில்லை. அழுத்தம் பார்க்கும் பட்டை மட்டும் பிள்ளையின் கைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் நிமோனியா என்று எழுதியிருக்கும். நடுவில் சிறுநீர் குறைந்த நாட்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்து, வேறோர் ஊரில், காய்ச்சலுக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஐபுபுரூஃபன் எழுதப் பேனாவை எடுக்கும் மருத்துவருக்கு அந்த வரி தேவைப்படும்.