தள்ளிப்போட்ட பயத்துக்கு வட்டி உண்டு

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கொரோனாவால் பள்ளி மூடியது. திரும்பப் போனபோது என் மகள் ஐந்தாம் வகுப்பு. இப்போது ஒன்பதாவது. ஞாயிறு இரவு ஆனாலே வயிற்றுவலி, திங்கள் காலை வாந்தி. டாக்டர் உடம்பில் கோளாறு இல்லை என்கிறார். ஊரடங்கில் பெண் பிள்ளைகளின் மூளைக்கு நான்கு வயது கூடிவிட்டது என்று படித்தேன். அதுதான் காரணமா? இனி சரியாகுமா?”

நான்கு வயதுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முடிவு அது. பதின்ம வயதினரின் மூளையை 2018இல் ஸ்கேன் செய்திருந்தார்கள். தொற்றுக்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தபோது மூளைப் புறணி எதிர்பார்த்ததைவிட மெலிந்திருந்தது. பெண்களுக்குச் சராசரியாக 4.2 ஆண்டுகள், ஆண்களுக்கு 1.4 ஆண்டுகள் முந்திப்போனதாகக் கணக்கு. ஆனால், வளரும் வயதில் புறணி மெலிவது இயல்பு. மூளை தேவையற்ற இணைப்புகளைக் கழிக்கும் காலம் அது. கொரோனாவே தொடாத பிள்ளைகள் என்று ஒப்பிட்டுப் பார்க்க உலகில் யாரும் இல்லை. மெலிந்த புறணிதான் ஒரு பிள்ளையின் பதற்றத்துக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவும் இல்லை. தலைப்புச் செய்திகள் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ‘மூளை கிழடானது’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டன. அதை நம்பி எந்தத் தாயும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

பதற்றம் கூடியது மட்டும் உண்மை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகக் குழு 29 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 80,879 பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்து 2021இல் சொன்னது இது: கவலைப்பட வேண்டிய அளவுக்குப் பதற்ற அறிகுறிகள் கொண்டவர்கள் 20.5 சதவீதம். தொற்றுக்கு முந்தைய மதிப்பீடு 11.6 சதவீதம். இந்தக் கணக்கு வினாத்தாளில் பிள்ளைகளோ பெற்றோரோ கொடுத்த பதில்களிலிருந்து வந்தது. ஐந்தில் ஒருவருக்கு நோய் என்று மருத்துவர் உறுதிசெய்ததாக இதைப் படிக்கக் கூடாது. ஆனாலும் அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: தொற்று தொடங்கி நாள் ஆக ஆக எடுத்த ஆய்வுகளில் விகிதம் கூடிக்கொண்டே போனது.

இங்கேதான் எனக்குப் பிடித்த புதிர் வருகிறது. தென்மேற்கு இங்கிலாந்தில் 13, 14 வயதுப் பிள்ளைகளிடம் 2019 அக்டோபரில் ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தது. பதற்றத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் பெண்களில் 54 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்களில் அவர்களிடமே மறுபடி கேட்டார்கள். பெண்களில் 45, ஆண்களில் 18 எனக் குறைந்திருந்தது! பள்ளியோடு ஒட்டாமல் இருந்த பிள்ளைகளிடம்தான் பதற்றம் அதிகம் இறங்கியிருந்தது. உலகமே நடுங்கிக்கொண்டிருந்தபோது, வகுப்பறைக்குப் பயந்த பிள்ளை வீட்டில் நிம்மதியாக மூச்சு விட்டது.

குறைந்த பதற்றம் பிறகு ஏன் ஏறியது? இதற்கான விடை அதே 2020இல் நம்மில் பலரின் கடன் கணக்கில் நடந்ததில் இருக்கிறது. அந்த மார்ச்சில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. பின்னர் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணை கட்ட வேண்டாம் என்றதும் எவ்வளவு ஆறுதல்! ஆனால் வட்டி நிற்கவில்லை. கட்டாத வட்டி கடனில் ஏறிக்கொண்டே இருந்தது.

பயத்தின் கணக்கும் இதேதான். கூச்சமுள்ள பிள்ளை தினமும் வகுப்பில் எழுந்து பதில் சொல்வது, சாப்பாட்டு வேளையில் யாரோடு உட்காருவது என்று தேடுவது எல்லாம் தவணைகள். கஷ்டப்பட்டுக் கட்டும், கடன் மெல்லக் குறையும். பள்ளி மூடியதும் தவணை நின்றது. ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்து வைத்தால் அங்கும் கட்ட வேண்டாம். தப்பித்த ஒவ்வொரு முறையும் மனத்தில் பரவும் ஆறுதல் இருக்கிறதே, அதுதான் வட்டி. மூளைக்கு ஆறுதல் ஒரு பரிசு. பரிசு எதற்குக் கிடைத்ததோ அதையே மூளை மறுபடி செய்யச் சொல்லும். ‘போகாததால்தான் ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதிக்கொள்ளும். போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போகிறது.

போய்ப் பார்த்தால் என்ன நடக்கும்? பயத்தின் மணியை அடிப்பது மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா. பயந்தது நடக்கவில்லை என்ற வியப்புத்தான் மூளைக்குப் பாடம். அந்தப் பாடம் அமிக்டலாவில் இருக்கும் பழைய பய நினைவை அழிப்பதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, அமிக்டலாவில் கொத்துக் கொத்தாக இருக்கும் சிறு நரம்பணுக்களைத் தூண்டுகிறது. அவை ‘காபா’ என்ற வேதிப்பொருளைச் சுரந்து பய ஆணை வெளியேறும் வாசலை அடைக்கின்றன. பழைய கடன் பத்திரம் பெட்டியில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ரசீதுகள் சேர்கின்றன. ரசீது போதிய அளவு சேர்ந்தால் பத்திரத்தைக் காட்டி யாரும் மிரட்ட முடியாது.

ஆனால் ஒரு கிளையில் கட்டிய ரசீது இன்னொரு கிளையில் எளிதில் செல்லாது. எந்த இடத்தில், எந்தச் சூழலில் பயம் தணிந்தது என்பதை மூளையில் நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் குறித்து வைக்கிறது. வேறு சூழலில் பழைய பயம் திரும்ப எட்டிப்பார்க்கும். அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இது. வீட்டில் சிரித்துப் பேசும் பெண் பள்ளி வாசலில் கல்லாகி நிற்பது நடிப்பல்ல. வீட்டில் சேர்த்த தைரியம் பள்ளியில் செல்லுபடியாவதில்லை. பள்ளித் தவணையைப் பள்ளியில்தான் கட்ட வேண்டும்.

பதின்ம வயதில் இது இன்னும் கடினம். 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், 12 முதல் 17 வயதுள்ளவர்களுக்குக் குழந்தைகளைவிடவும் பெரியவர்களைவிடவும் பயம் தணிவது மந்தமாக இருந்தது. அந்தப் பருவத்துச் சுண்டெலிகளிலும் அப்படியே. ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தவணைகள் சிறிதாகவும் அடிக்கடியும் இருக்க வேண்டும்.

இவை எதுவும் புதிதல்ல. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டை நாளுக்கு நாள் நெருக்கி வைத்துப் பயத்தைப் போக்கியவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924இலேயே அதை எழுதிவிட்டார். நூறாண்டு பழைய இந்த முறையைத்தான் இன்று செயலி என்றும் புரட்சி என்றும் விற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தவணை ஒத்திவைப்பு எவ்வளவு நீண்டது என்று பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1இல். 2020இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பொதுத்தேர்வு ரத்து. அடுத்த ஆண்டு பதினொன்றிலும் தேர்வில்லாமலே தேர்ச்சி. 2022இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதப் போனபோது, அதுதான் அவர்கள் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. மூன்றாண்டுத் தவணையை ஒரே காலையில் கட்டச் சொன்னோம். நோய்த்தொற்றைத் தடுக்க எடுத்த முடிவுகளை நான் குறை சொல்லவில்லை. பள்ளி திறந்த நாளிலிருந்தே பாடத்தை முடிக்க ஓடினோம்; சேர்ந்த பயத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

இதில் பெற்றோர் வகிக்கும் இடம் ஜாமீன்தாரர் இடம். “இன்னிக்கு மட்டும் லீவு போட்டுக்கோ” என்பது பாசம். பிள்ளையின் கடனில் நாம் போடும் கையெழுத்தும் அதுதான். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய சிகிச்சையில் பிள்ளை வரவே வேண்டாம். பெற்றோர் மட்டும் வந்தால் போதும். தாங்களாகச் செய்துகொடுக்கும் விலக்குகளைப் படிப்படியாகக் குறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். 2020இல் வெளியான 124 பிள்ளைகளின் ஆய்வில் அது, பிள்ளைக்கே நேரடியாக அளிக்கும் சிகிச்சைக்குச் சளைக்காத பலன் தந்தது.

ஓர் எச்சரிக்கை. பொய்ப் பயத்துக்குத்தான் இந்த வழி. பள்ளியில் யாராவது அடித்தால், கேலி செய்தால், தொட்டால், பயம் சரியாகவே வேலை செய்கிறது; மாற வேண்டியது பள்ளி. பெற்றோரை இழந்த பிள்ளையின் துக்கமும் இந்தக் கணக்கில் வராது. கொரோனாவின் முதல் 14 மாதங்களிலேயே, 2021 ஏப்ரல் வரை, உலகில் 15 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் வளர்ப்பவரை இழந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது துணை.

வாசகிக்கு என் பதில் இது. உங்கள் மகளின் பயம் கொரோனாவில்தான் தொடங்கியதா என்று யாரும் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்லியும் பயனில்லை, தொடங்கியது எதுவாக இருந்தாலும் இன்று அதை வளர்ப்பது விலகுவதுதான். முதலில் அவளிடம் உட்கார்ந்து கேளுங்கள்: பள்ளியில் எது, எந்த வேளை, யார்? யாரும் துன்புறுத்தவில்லை என்று தெரிந்துகொண்டபின் சிறியதிலிருந்து தொடங்குங்கள். முழுநாள் முடியாவிட்டால் முதல் இரண்டு பாடவேளை. “ஒண்ணும் ஆகாது” என்று சொல்லாதீர்கள். “உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியும், உன்னால முடியும்னும் தெரியும்” என்று சொல்லுங்கள். வகுப்பாசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அசைவே இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். உங்கள் மகளின் மூளை கிழடாகிவிடவில்லை. அது இன்னும் கற்கும் வயதில்தான் இருக்கிறது.