7 வயது வாண்டும் 60 வயது பெரியம்மாவும் ஒரே மேசையில்: எந்த ரோல்பிளேயிங் கேமைத் தேர்வு செய்யலாம்?

பெங்களூரிலோ புனேயிலோ வேலை. வார இறுதியில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிப் பழகிவிட்டீர்கள். இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள், பையில் டைஸ் செட்டும் இருக்கிறது. வீட்டில் அக்காவின் 7 வயது பையன், 14 வயது சித்தி மகள், உங்கள் தம்பி, 60 தாண்டிய பெரியம்மா. 'எல்லாரும் சேர்ந்து ஒரு கேம் ஆடலாமா?'ன்னு கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

இவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வருஷத்தில் நாலைந்து நாள். முதல் ஆட்டம் சொதப்பினால் 14 வயதுக்காரி போனுக்குத் திரும்பிவிடுவாள், வாண்டு அழும். 'எனக்கு இதெல்லாம் புரியாதுப்பா' என்று எழுந்து போன பெரியம்மாவை மறுநாள் திரும்ப உட்காரவைப்பது லேசில்லை. அதனால் எந்த கேம் என்ற கேள்வியைக் கொஞ்சம் கவனமாகவே அணுக வேண்டியிருக்கிறது.

புதியவர்களுக்காக ஒரு வரி விளக்கம்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, சேர்ந்து ஒரு கதையை நடத்துவதுதான் ரோல்பிளேயிங் கேம். கேம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். 'பாலம் உடைஞ்சு கிடக்கு, கீழே ஆறு ஓடுது, என்ன பண்றீங்க?' என்று அவர் கேட்பார். நீங்கள் பதில் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி 1974-ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையின் மூத்த அண்ணன். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தொடக்கத்தில் அந்தப் பையன்கள் ஆடுவது இதைத்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் வயசை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். '12+' என்று போட்டிருந்தால் அந்த வயதில் விதிகள் புரியும் என்று அர்த்தம். வெவ்வேறு வயதினர் சேர்ந்து உட்காரும்போது ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விதி புரியாதது அல்ல, காத்திருப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சண்டை தொடங்கினால் ஆளுக்கொரு முறை வரிசையாக வரும். ஐந்து பேர், கேம் மாஸ்டர் ஆட்டும் அரக்கர்கள், ஆளுக்கு 3 நிமிடம் என்று வைத்தாலே, ஒருமுறை ஆடியவருக்கு அடுத்த வாய்ப்பு வர 15 நிமிடம் ஆகும். 7 வயதுக் குழந்தைக்கு 15 நிமிடம் என்பது ஒரு யுகம். அதற்குள் அவன் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்று, விதி தெரியாமலே ஆட முடியுமா என்பது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் 6 அடிப்படைத் திறன்கள், அவற்றுக்குக் கீழே 18 தனித்திறன்கள். மந்திரவாதி என்றால் முதல் நிலையிலேயே புத்தகத்தில் 6 மந்திரங்களைத் தேர்வு செய்ய வேண்டும். தம்பிக்கு அதுதான் ஜாலி. பெரியம்மாவுக்கு அது வருமான வரி படிவம் மாதிரி இருக்கும்.

அப்படியானால் எதில் தொடங்குவது?

என் ஓட்டு 'ஹனி ஹைஸ்ட்'டுக்கு. கிராண்ட் ஹோவிட் எழுதி 2017-ல் வெளியான இந்த கேமின் மொத்த விதியும் ஒரே பக்கம். பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கும். கதை இதுதான்: நீங்கள் எல்லாரும் கரடிகள். ஒரு தேன் மாநாட்டுக்குள் புகுந்து தேனைத் திருட வேண்டும். மனிதர்களுக்கு நீங்கள் கரடி என்று தெரியக்கூடாது. டைஸ் உருட்டி என்ன வகைக் கரடி, கூட்டத்தில் என்ன வேலை, தலையில் என்ன தொப்பி என்று முடிவு செய்துகொள்ளலாம். (கரடிப் பட்டியலில் கரடியே அல்லாத தேன்வளைக்கரடியும் இருக்கிறது. பெயரில் கரடி இருக்கே, போதும்.)

எண்கள் இரண்டே இரண்டு. ஒன்று கரடித்தனம், இன்னொன்று களவாணித்தனம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 3-ல் தொடங்கும். மரம் ஏறுவது, உறுமுவது, மோப்பம் பிடிப்பதற்கெல்லாம் கரடித்தனம். பூட்டைத் திறப்பது, பொய் சொல்வது, வண்டி ஓட்டுவதற்குக் களவாணித்தனம். ஆறு பக்க டைஸை உருட்டி, அந்த எண்ணோ அதற்குக் குறைவாகவோ விழுந்தால் வெற்றி. அதாவது தொடக்கத்தில் சரிபாதி வாய்ப்பு.

இதன் சூட்சுமம் அடுத்த விதியில் இருக்கிறது. திட்டம் சொதப்பினால் ஒரு புள்ளி களவாணித்தனத்திலிருந்து கரடித்தனத்துக்குப் போகும். நினைத்தபடி நடந்தால் எதிர்ப்பக்கம். கரடித்தனம் 6-ஐத் தொட்டால் நீங்கள் முழுக் கரடியாகி வெறிபிடித்து ஓடுவீர்கள். களவாணித்தனம் 6-ஐத் தொட்டால் கூட்டாளிகளுக்கே துரோகம் செய்வீர்கள். வாண்டுக்கு 'நான் கரடி, உறுமுறேன்' என்பதே போதும். தம்பியோ எந்தப் புள்ளியை எப்போது நகரவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். ஒரே மேசை, ஒரே விதி, ஆழம் மட்டும் வேறு. தேட வேண்டியது இந்தக் குணத்தைத்தான். வரிசை முறையும் கிடையாது, யாருக்கு யோசனை வருகிறதோ அவர் பேசலாம்.

செலவும் இல்லை. லூடோ டப்பாவில் இருக்கும் டைஸ் போதும். தொப்பிக்கு மட்டும் எட்டுப் பக்க டைஸ் கேட்கும், அதை உங்கள் செட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்தால் மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள். அதில் நாலு பக்கம்தான்.

குழந்தைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால்?

மான்டே குக் கேம்ஸ் வெளியிட்ட 'நோ தேங்க் யூ, ஈவில்!' பாருங்கள். 5 வயதிலிருந்து ஆடலாம். இதில் கதாபாத்திரம் என்பது ஒரு வாக்கியம். சின்னக் குழந்தை 'நான் ஒரு விமானி' என்றால் அவ்வளவுதான், ஆள் ரெடி. கொஞ்சம் பெரியவள் 'நான் ஒரு துணிச்சலான விமானி' என்பாள். அதற்கும் மூத்தவள், அந்த விமானி என்ன செய்வாள் என்பதையும் சேர்ப்பாள். வாக்கியம் நீள நீளத் திறமைகளும் விதிகளும் கூடும். கலவையான வயதுக்காகவே யோசித்துச் செய்த ஏற்பாடு இது. ஒரே குறை, காசு கொடுத்து வாங்க வேண்டும்.

10 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதிகம் என்றால் ஐசக் வில்லியம்ஸின் 'மவுஸ்ரிட்டர்' (2020) நல்ல தேர்வு. நீங்கள் வாளேந்திய சுண்டெலி. பூனை என்றால் அங்கே டிராகன் மாதிரி. உங்களிடம் இருக்கும் பொருட்களைச் சிறு அட்டைகளாக வெட்டி, தாளில் உள்ள கட்டங்களில் அடுக்க வேண்டும். கையில் பிடித்து நகர்த்த ஏதாவது இருப்பது குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ரொம்பவே உதவும். ஆனால் எலி சீக்கிரம் அடிபடும், சாகவும் செய்யும்.

அந்தச் சாவைப் பற்றி முன்கூட்டியே யோசித்துவிடுவது நல்லது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கீழே விழுந்த கதாபாத்திரம் உயிருக்காக டைஸ் உருட்டும். மூன்று முறை தோற்றால் செத்துவிடும். பெரியவர்களுக்கு அது பரபரப்பு. முக்கால் மணி நேரம் பெயர் வைத்து, படம் வரைந்து ஒரு வீரனை உருவாக்கிய குழந்தைக்கு அது இழவு வீடு. இந்த விஷயத்தில் 'டேல்ஸ் ஃப்ரம் தி லூப்' வேறு வழியில் போகிறது. 1980-களில் நடக்கும் அந்த கேமில் ஆடுபவர்கள் 10 முதல் 15 வயதுச் சிறுவர்கள். அவர்கள் சாகவே முடியாது என்பது விதி. 14 வயதுக்காரியை மையமாக வைத்து ஆட அது பொருந்தும். 'கால் ஆஃப் துல்ஹு' போன்ற திகில் வகையறாவை நண்பர்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

பயத்துக்கு எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வடிவமைத்த 'எக்ஸ் கார்டு'. ஓர் அட்டையில் பெருக்கல் குறி போட்டு நடுவில் வையுங்கள். யாருக்காவது கதை பிடிக்காத பக்கம் போனால் அதைத் தொட்டால் போதும், அந்தக் காட்சி மாறிவிடும். காரணம் கேட்கக் கூடாது. இது குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக் காட்சியோ நெருப்போ பெரியம்மாவுக்கு வேறு எதையாவது நினைவூட்டலாம். எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது.

விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறதே?

ஒரு பக்க கேமை முதலில் தேர்வு செய்யச் சொல்வதற்கு இதுவும் காரணம். 200 பக்கப் புத்தகத்தை யாரும் உட்கார்ந்து தமிழாக்கப் போவதில்லை. இரண்டு எண்களுக்கு வீட்டு மொழியில் பெயர் வைக்க 2 நிமிடம் போதும். கதையைத் தமிழிலேயே நடத்துங்கள். மாநாட்டைக் கல்யாண மண்டபமாக மாற்றுங்கள். தேன், பந்திக்கு வந்த தேன்குழலாகவும் இருக்கலாம். மண்டபத்தில் சமையல்கட்டு எங்கே, பின்வாசல் எங்கே, மேனேஜர் எப்போது தூங்குவார் என்பதெல்லாம் மேசையிலேயே அதிகம் தெரிந்தவர் பெரியம்மாதான்.

அப்படியும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் ஆடுவேன் என்றால் தடையில்லை. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். ஆனால் கதாபாத்திரங்களை முன்பே தயார் செய்துவிடுங்கள், மந்திரவாதியைத் தம்பிக்குக் கொடுங்கள், சண்டையை ஒன்றோடு நிறுத்துங்கள்.

எதை ஆடினாலும் முதல் தடவை ஒன்றரை மணி நேரம் தாண்ட வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மாலை டிபனுக்கு முன்னால் முடிகிற மாதிரி வையுங்கள். பிரின்ட் எடுக்கும்போது ஒரு தாள் கூடுதலாக எடுங்கள். 'நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன்' என்று ஓரமாக உட்காரும் சித்தப்பா, பாதி ஆட்டத்தில் தனக்கும் ஒரு தொப்பி கேட்பார்.